வீட்டிலிரு என்ற சட்டம். வெளியேற்றாதே என்ற சட்டம் எங்கே?

2020ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மாலை இலங்கைத் தீவு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. வீட்டை விட்டு வெளியே வராதீர் என அரசாங்கம் கட்டளையிட்டது. நோய்த் தடைகாப்புக்கென 1897ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம் அதன் கையிலிருந்தது. அடங்கியிருக்க மறுத்தவனைப் பிடிக்கப் பொலிசும், தண்டிக்க நீதிமன்றமும் இருந்தன. ஆனால், அடங்கியிருப்பதற்குச் சொந்த வீடு இல்லாதவனின் கதி யாது? நோய்க்காலத்தில் வாடகை தவறினான் என்பதற்காக அவனை வீதியில் விடாதே என்று கூறும் சட்டமொன்றை இந்நாட்டுப் பாராளுமன்றம் அன்று இயற்றியிருக்கவில்லை.

சாய்ந்தமருதைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் பொங்கிய கடல் இக்கரையோரக் குடியிருப்புகளை வாரிச் சென்றது. அதன்பின், கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்றார்கள். பிறகு அவ்வெல்லையைத் தளர்த்தினார்கள். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவே நெருங்கிய ஊர். இங்கே ஒரு துண்டு வளவு வாங்குவது கூலித் தொழிலாளிக்கு எட்டாக் கனி. பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணமுடிக்கும் வழக்கமுள்ள இப்பகுதியிலே, இருந்த வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு வாடகைக்குப் போகும் பெற்றோரும் உளர். கூலிக்குக் கடலுக்குப் போவோரும், கல்முனைச் சந்தையில் நாட்சம்பளம் பெறுவோரும், மருதமுனைத் தறிகளில் நெய்வோரும் ஊரடங்கினால் வருவாய் இழந்தனர். 2020 இறுதியில் கல்முனையின் சில பகுதிகள் மீண்டும் அடைக்கப்பட்டன. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் அரிசிக்கும் பருப்புக்குமே போதாதபோது, வாடகைக்கு எங்கே போவது?

வீட்டுக்காரரைக் கொடியவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர்களுள்ளும் விதவைகள் உளர். இளைப்பாறிய ஆசிரியர்கள் உளர். கடன்பட்டு வீடு கட்டியவர்கள் உளர். 2020 மார்ச்சிலே, கடன்பட்டோரிற் பல வகையினருக்குத் தவணை நீடிப்பு வழங்குமாறு மத்திய வங்கி ஏனைய வங்கிகளுக்குப் பணித்தது. நன்று. ஆனால், வீட்டின்மேற் கடன்பட்டவருக்குத் திறந்த அக்கதவு, அவ்வீட்டினுள் குடியிருந்தவருக்குத் திறக்கவில்லை. தலைமடைக்குப் பாய்ந்த நீர் கடைமடைக்கு வரவில்லை.

வாடகைச் சட்டம் இல்லையா எனக் கேட்பீர்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் குடியிருப்போரைக் காக்கவே வந்தது. எனினும், 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக, அவ்வாண்டு முதல் வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகள் அதன் காவலுக்குப் புறம்பாயின. பெருந்தொற்றுக்கென இயற்றிய 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டமோ, முதல் ஊரடங்கிற்குப் பதினேழு மாதங்களின் பின், 2021 ஆகஸ்டிலேதான் வந்தது. சில ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்ற இயலாதோர்க்கு அது நிவாரணம் கூறிற்று. ஆயின், அதற்குள் பாயும் பானையுமாக வெளியேறிவிட்ட குடும்பத்துக்கு அதனாற் பயன் யாது? 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், வாடகைக்கு விட்ட இடத்தை உரிமையாளர் விரைந்து மீட்க வழி வகுத்தது. உரிமையாளரின் அவசரம் சட்டமாயிற்று; குடியிருப்பவரின் இடுக்கண் மனுவாகவே நின்றது.

அயல்நாடுகள் செய்தது என்ன? 2020 மார்ச்சு 29இல் இந்திய உள்துறை அமைச்சு, தொழிலாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கலாகாது என்றும், அவர்களை வெளியேற்றுவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஆணையிட்டது. அமெரிக்காவிலே 2020 செப்டெம்பரில் சுகாதாரத் திணைக்களம் வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. 2021 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டசபை அளிக்காத அதிகாரத்தைத் திணைக்களம் எடுத்துக்கொள்ள முடியாது எனக் கூறி அத்தடையை முறித்தது. இதிலே நமக்குப் பாடமுண்டு. ஆபத்து வந்தபின் பிறக்கும் அவசர ஆணை போதாது. ஆபத்து வருமுன் பாராளுமன்றம் சட்டம் செய்து வைத்தல் வேண்டும்.

இஃது இந்நாட்டுக்குப் புதுமையுமன்று. 1958இலே பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக்கு வயல் செய்தவனைப் போடியார் நினைத்தபடி விரட்ட முடியாது என்று விதித்தது. உழுபவனுக்கு வயலிலே நிலைபேறு கொடுக்கலாமெனில், நோய்க்காலத்தில் குடியிருப்பவனுக்குக் கூரையின்கீழ் நிலைபேறு கொடுக்கலாகாதா?

நாம் கேட்பது இலவச வீடன்று, அவகாசம். நோயினாலோ வெள்ளத்தினாலோ ஒரு பகுதி அடைக்கப்படுமாயின், அடைப்பு நீங்கி மூன்று மாதம் வரை அங்கே வாடகை நிலுவைக்காக எவரையும் வெளியேற்றலாகாது. நிலுவை தள்ளுபடியாகாது, தவணையாகச் செலுத்தப்படும். வீட்டுக்காரரின் வங்கிக் கடனுக்கும் அதே அவகாசம் தானாகவே கிடைக்கும். வாடகையையே சீவனமாகக் கொண்டவருக்கு அரசாங்கம் உதவி கொடுக்கும். பிணக்கு எழுந்தால், முதலில் மத்தியஸ்த சபை; பின்னரே நீதிமன்றம்.

நெருக்கடியிலிருக்கும் கடனாளிக்கு வசதி வருமட்டும் அவகாசம் கொடுத்தல் நம் மார்க்கம் போதித்த அறம். 2020இலும் அவ்வறத்தைக் கடைப்பிடித்து, வாடகை கேளாதிருந்த வீட்டுக்காரர்கள் உண்டு. ஆனால் ஏழையின் கூரை ஒருவரின் இரக்கத்தில் மட்டும் தங்கியிருத்தல் தகுமா? அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் இக்கேள்வியைக் கேளுங்கள். வீட்டிலிரு என்று கட்டளையிடும் அரசாங்கத்துக்கு, அவ்வீட்டிலே இருக்கவிடும் கடமையும் உண்டு.