அப்பத்தாவை உட்கார வைக்காதீர்கள்

"வயசாயிருச்சுல்ல, பேசாம உக்காருங்க அப்பத்தா." தேனி மாவட்டத்துக் கோம்பையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பாசத்தில்தான் சொல்கிறார்கள். அந்தப் பாசம்தான் கிழவியின் கால்பலத்தைக் கரைக்கிறது.

யாரை உட்காரச் சொல்கிறோம்? விடியுமுன் ஜீப்பேறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் தூருக்குத் தூர் குனிந்து காய் எடுத்தவர்களை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாளெல்லாம் கைதூக்கி நின்றவர்களை. முழங்கால் வலிக்கிறது என்று வேலையை விட்டதும் தண்ணீர்க் குடம் மருமகள் கைக்குப் போகிறது. தரையில் உட்காராதே, படி ஏறாதே என்று ஒவ்வொன்றாகத் தடை விழுகிறது. கொஞ்ச காலத்தில் நாற்காலியை விட்டு எழவே ஆள் தேவைப்படுகிறது. அடுத்து குளியலறையில் ஒரு வழுக்கல், இடுப்பெலும்பு முறிவு, படுக்கை. இதற்கு "வயசு" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

வயது ஒரு பங்குதான். மீதியைச் சும்மா இருப்பது செய்கிறது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007இல் வெளிவந்தது. அவர்களுடைய கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது.

போனது திரும்பாது என்பார்கள். அதுவும் பொய். பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார். முடித்தவர்களின் தொடைபலம் சராசரியாக 174 சதவீதம் கூடியதை 1990இல் பதிவு செய்தார். 1994இல் நூறு பேரை வைத்து மறுபடி சோதித்தபோது பயிற்சி பெற்றவர்களின் நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. மகன் வாங்கிவரும் சத்துமாவு டப்பா தனியாக எதையும் செய்யாது என்பதை நம் வீடுகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாஸ்டன் தூரம் என்றால் பொள்ளாச்சியைப் பாருங்கள். 82 வயது கிட்டம்மாள் கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ எடையைத் தரையிலிருந்து தூக்கினார். எல்லோரும் அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. தூக்கினால் ஒடிந்துவிடுவாள் என்ற பயம் பொய் என்று தெரிந்தால் போதும்.

"வாழ்நாளெல்லாம் உழைத்த உடம்பு, இதற்கு மேல் பயிற்சி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தசை பழைய உழைப்பைச் சேமித்து வைப்பதில்லை. இந்த மாதம் என்ன சுமக்கிறதோ அதற்கேற்பத்தான் இருக்கும். கோயில் வரை நடப்பது நல்லது, ஆனால் போதாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும், மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மூட்டுத் தேய்மானத்துக்கும் முதல் மருந்து தொடைத் தசையை வலுவாக்குவதுதான்.

இதற்கு ஜிம் வேண்டாம். சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரட்டும். சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்கட்டும். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்கட்டும். சுலபமானதும் எடையைக் கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் பலம் அங்கேயே நின்றுவிடும். கூடவே முட்டையோ மொச்சையோ பயறோ தினமும் தட்டில் விழ வேண்டும். வீட்டில் கடைசியாக, மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கம்தான் இவர்களை முதலில் இளைக்க வைத்தது. இதய நோய் உள்ளவர்களும் அண்மையில் எலும்பு முறிந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. அப்பத்தா படுத்த பிறகு அந்தச் சிகிச்சையைத் தேடாதீர்கள். எழத் தடுமாறும் இப்போதே உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் அவர் பெயரைக் கொடுங்கள்.