இம்மாதச் சிந்தனை: பயணச் சீட்டும் நிலக்கரியும்

கரியமில வாயுவைக் குறைப்பது அரசுகளின் கவலை; ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயின், பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சொந்த ஊர் செல்ல நாம் வாங்கும் ரயில் சீட்டின் விலைக்கும் நிலக்கரிக்கும் நெருங்கிய உறவுண்டு. ரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம் அவ்வுறவை இத்திங்கள் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் நம் பிரதமர் உலகோர் முன் ஒரு வாக்குக் கொடுத்தார். நாடு வெளிவிடும் கரியமில வாயுவும், காடு முதலியவற்றால் திரும்ப ஈர்க்கப்படும் அளவும் 2070ஆம் ஆண்டிற்குள் சமமாகும் என்பதே அவ்வாக்கு. அதை நிறைவேற்றுவதில் முதல் தடை நிலக்கரி. நம் வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது.

ரயில்வே தன் பங்கைச் செய்யத் தவறவில்லை. 2014இல் ஏறத்தாழ 22 ஆயிரம் கிலோமீட்டர்ப் பாதையே மின்மயமாகியிருந்தது. 2025இல் அது 68 ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. டீசல் எரிவது பெரிதும் குறைந்தது. ஆனால் மேலே செல்லும் கம்பியில் ஓடும் மின்சாரம் அனல்மின் நிலையத்தில் பிறந்ததாயின், புகை இடம் மாறியதேயன்றி முற்றும் ஒழியவில்லை. ஆதலின் மின்மயமாக்கம் பாதி வேலை. மின்சாரத்தின் பிறப்பிடத்தை மாற்றுவது மற்றப் பாதி. 2025இல் நாட்டின் மின்னுற்பத்தித் திறனிற் பாதி சூரிய ஒளி, காற்று, நீர், அணு ஆகியவற்றைச் சார்ந்ததாயிற்று. பெருமைக்குரிய செய்தியே. எனினும் திறன் வேறு, கிடைக்கும் மின்சாரம் வேறு. சூரியன் மறைந்து விளக்கேற்றும் வேளையில் நிலக்கரியே கைகொடுக்கிறது. பகலில் விளையும் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்துவைக்கும் நீரேற்று நிலையங்களும் மின்கலங்களும் பெருகவேண்டும்.

இனி, முடிச்சு இருக்குமிடத்திற்கு வருவோம். 2023-24ஆம் ஆண்டில் ரயில்கள் சுமந்த சரக்கு ஏறக்குறைய 159 கோடி டன். அதில் பாதியளவு நிலக்கரி. ஒரு நிலக்கரி வண்டி ஏறத்தாழ 4 ஆயிரம் டன்னை இழுத்துச் செல்லும். அந்த வருவாயே பயணிகள் வண்டிகளால் நேரும் இழப்பை ஈடுசெய்து வருகிறது. பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடே வசூலாகிறது என்று 2016 முதல் சீட்டிலேயே அச்சிடப்பட்டதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். மீதிப் பணத்தின் பெரும்பங்கு சரக்கு வண்டியிலிருந்து வருகிறது. அதாவது, நாம் குடும்பத்துடன் குறைந்த செலவில் ஊர் போய் வருவதற்கு எங்கோ ஒரு சுரங்கத்திலிருந்து புறப்படும் கரி வண்டியும் ஒரு காரணம். அந்த வண்டி நின்றுவிட்டால், நம் சீட்டின் விலை என்னவாகும்?

இதற்காக நிலக்கரி என்றென்றும் எரியட்டும் என்று நாம் சொல்லவில்லை. கரி குறையுமுன் அதனிடத்தை நிரப்பும் வேறு சரக்கைத் தேடுக என்றே சொல்கிறோம். அச்சரக்கு கண்ணெதிரே நெடுஞ்சாலையில் லாரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் சரக்கின் மிகப் பெரும்பகுதி ரயிலிற் சென்றது. இன்றோ கால் பங்கிற்குச் சற்று மேலே நிற்கிறது. 2030க்குள் அதை 45 விழுக்காடாக்குவது தேசிய ரயில் திட்டத்தின் நோக்கம். இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் உருள்வதால், ஒரு டன்னை நகர்த்த லாரியைவிடப் பன்மடங்கு குறைந்த எரிபொருள் போதும். ஆகவே சாலைச் சரக்கு ரயிலுக்கு வந்தால் புகையும் குறையும், கரியால் இழக்கும் வருவாயும் மீளும்.

வணிகர் ஏன் வருவதில்லை? லாரி வீட்டு வாசலில் வந்து நிற்கும். பத்து டன்னும் ஏற்றும். ரயிலோ முழு வண்டிச் சரக்கையே விரும்புகிறது; சென்று சேரும் நாளையும் உறுதியாய்ச் சொல்ல இயல்வதில்லை. லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டருக்குச் சரக்கு வண்டிகளுக்கெனத் தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆயினும் அதிற் பெரிதும் ஓடுவது நிலக்கரியே. சிமெண்டு, உரம், தானியம் போக, துணியும் மருந்தும் பழமும் சிறு அளவிலேனும் ரயிலேறும் வகை செய்வதே அடுத்த கடமை.

பணத்திற்கு எங்கே போவது? 2010இல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய்த் தீர்வை விதித்து, தூய மின்சாரத்திற்கென ஒரு நிதியை ஏற்படுத்தினர். 2016இல் அத்தீர்வை 400 ரூபாயாயிற்று. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, அதே 400 ரூபாய் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யத் திருப்பப்பட்டது. 2025இல் அதுவும் நீங்கி, நிலக்கரி மீதான பொது வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. வரி இருக்கிறது, அது எதற்கென்று ஒதுக்கப்பட்டதோ அந்நோக்கம் மறைந்தது. மகள் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்தை மளிகைக் கடனுக்குக் கொடுத்த குடும்பத்தின் கதை இது. மளிகைக் கடனும் கடன்தான். ஆனால் திருமணம் நின்றுபோகும்.

ஆகவே அரசு செய்யத்தக்கவை மூன்று: மின்சாரத்தைச் சூரியனிடமும் காற்றிடமும் பெற்றுச் சேமித்தல், சாலைச் சரக்கை ரயிலுக்குக் கொணர்தல், கரி வரியில் ஒரு பங்கையேனும் இப்பணிகளுக்கும், கரியை நம்பி வாழும் சுரங்க ஊர்களின் மறுவாழ்வுக்கும் ஒதுக்கி வைத்தல். மூன்றும் ஒருங்கே நடவாவிடில், கரி குறையும்போது அதன் சுமை சுரங்கத் தொழிலாளியின் தலையிலும், தொலைவில் வாழ்ந்து ஊர் நினைக்கும் நம் போன்றோரின் தலையிலுமே விழும்.

அன்பர்கள் இதனைத் தத்தம் இல்லங்களிற் பேசுக. வாக்குக் கேட்டு வருவோரிடம், விலைவாசியோடு சேர்த்து, கரி வரிப் பணம் எங்கே செல்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நலம்.