பெயரைப் பார்ப்பதா, தேவையைப் பார்ப்பதா?



ஒரு காற்பந்துப் பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஜோகூர் முழுவதும் ஒரே பேச்சுத்தான் கேட்கும். ஜோகூர் டாருல் தாக்சிம் (ஜேடிதி) அணி இம்முறை யாரை எடுக்க வேண்டும் என்பதே அப்பேச்சு. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் தொழிற்சாலைப் பேருந்திலும் பெரியவர்கள் பேசுவதை நம் பிள்ளைகள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வரைக்கும் கொண்டு வந்துவிடுகின்றனர். ஒப்பந்தம் முடிந்து எந்த அணியையும் சாராமல் இருக்கும் ஆட்டக்காரர்களின் பெயர், வயது, முன்னர் விளையாடிய கிளப், அடித்த கோல்கள் ஆகிய அனைத்தையும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தடையின்றி ஒப்புவிப்பான். அதே மாணவன் இலக்கண விதி ஒன்றைச் சொல்லும்போது மட்டும் தடுமாறுவான்!

இதைக் கண்டு ஆசிரியர் சிலர் வருந்துகின்றனர். பெற்றோர் சிலர் "வெட்டிப் பேச்சு" என்று கண்டிக்கின்றனர். என் கருத்து சற்று வேறு. இந்த விவாதத்தை நாம் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது நடக்கும் நிலையிலேயே விட்டுவிடவும் கூடாது. நம் பிள்ளைகள் பெயரைக் கொண்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேவையைக் கொண்டு தேர்ந்தெடுக்கப் பழக்குவது நம் கடமை.

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை மாற்றுக் கட்டணம் இன்றி வேறு கிளப் எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஒரு காலத்தில் நிலைமை அப்படி இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் மார்க் போஸ்மன் என்ற ஆட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்த பிறகும் தம்மை வேறு கிளப்புக்குச் செல்ல விடாமல் தடுத்ததை எதிர்த்து வழக்காடினார். 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உலகக் காற்பந்தின் போக்கையே மாற்றிய தீர்ப்பு அது. இன்றைய ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தின் இறுதி 6 மாதங்களில் ஓர் ஆட்டக்காரர் வேறு கிளப்புடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தொழிலாளி ஒருவர் தம் உரிமைக்காகப் போராடிப் பெற்ற விடுதலை இது. ஆனால் இரசிகர் பேச்சில் இச்சொல்லுக்கு "சும்மா கிடைக்கும் ஆள்" என்ற பொருள் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

முதலில் இந்த விவாதத்தில் உள்ள நன்மையைக் கூறிவிடுகிறேன். விவாதக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் மனப்பாடம் செய்த முன்னுரையையும் முடிவுரையையும் எழுதுகின்றனர். நடுவில் கருத்து இராது. இருந்தாலும் சான்று இராது. காற்பந்து பேசும்போது அவர்களே வேறு பிள்ளைகளாகிவிடுகின்றனர். "நமக்குத் தாக்குதல் ஆட்டக்காரர் போதும், தற்காப்புத்தான் வேண்டும்" என்கிறான் ஒருவன். "போன பருவத்தில் எத்தனை கோல் விட்டோம், சொல் பார்க்கலாம்" என்று மறுக்கிறான் மற்றொருவன். கருத்து, காரணம், சான்று, மறுப்பு ஆகிய நான்கும் அங்கே இருக்கின்றன. நாம் கற்பிக்கப் பாடுபடுவதை அவர்கள் திடலோரத்தில் நின்று தாமாகவே செய்துகொண்டிருக்கின்றனர்.

ஆயினும் இந்த விவாதத்தில் மூன்று கேள்விகள் எழுவதே இல்லை.

முதல் கேள்வி: இவர் நமக்குத் தேவையா? நம் ஜோகூரின் வரலாறே இதற்கு நல்ல பாடம். 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் ஸ்பெயினின் டானி குயிசா இங்கு வந்து விளையாடினார். ஸ்பெயின் லீக்கில் 2007-08 பருவத்தில் 27 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர். 2008இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தவர். எனினும், பருவம் முடியுமுன்னே விடைபெற்றார். அதே ஆண்டின் பிற்பகுதியில், பென்ஃபிக்கா கிளப்பில் ஒப்பந்தம் முடிந்திருந்த அர்ஜெண்டினாவின் பாப்லோ அய்மார் ஒப்பந்தமானார். 2002, 2006 உலகக் கிண்ணப் போட்டிகளில் விளையாடியவர். லியோனல் மெஸ்ஸியே தம் இளமைக்கால நாயகர் என்று போற்றியவர். ஜோகூரே கொண்டாடியது! ஆனால் காயம் அவரை விடவில்லை. சில ஆட்டங்களே விளையாடிவிட்டு 2014 ஏப்ரலில் அணியை விட்டு நீங்கினார். அதே 2014இல் அர்ஜெண்டினாவிலிருந்தே ஹோர்ஹே பெரைரா டியாஸ் என்ற இளைஞர் வந்தார். வந்தபோது அவர் பெயரை இங்கு அறிந்தவர் சிலரே. பின்னர் அவரே இரசிகர்களின் செல்லப் பிள்ளையானார்.

பெரிய பெயர் வீண் என்று நான் சொல்லவில்லை. அய்மார் வந்ததால் ஜோகூரின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது உண்மை. ஆனால் 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை சூப்பர் லீக்கை வென்றதும், 2015 அக்டோபர் 31இல் தஜிகிஸ்தானின் டுஷான்பே நகரில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வீழ்த்தி ஏஎஃப்சி கிண்ணத்தைக் கைப்பற்றியதும் ஒரு பெயரால் நிகழ்ந்தவை அல்ல. எந்த இடத்தில் குறை இருக்கிறது, அதை நிரப்பக்கூடியவர் யார் என்று ஆராய்ந்து எடுத்ததன் பயன் அவை. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளை ஆராய்ந்து தெளிவதும், தெளிந்த பின் தக்க வேலையில் அமர்த்துவதும் வெவ்வேறு செயல்கள் என்பதால்தான் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வைத்தார் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஜேடிதியை எடுத்துக்காட்டாகக் காட்டியபோது அவ்விரண்டு தலைப்புகளின் வேறுபாடு அவர்களுக்கு உடனே விளங்கியது.

இரண்டாம் கேள்வி: உண்மையில் இவர் இலவசமா? மாற்றுக் கட்டணம் இல்லையே தவிர, சம்பளம் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கான தொகை உண்டு. முகவருக்குப் பங்கு உண்டு. இதனை ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடமாகவே நடத்தலாம். மாதச் சம்பளம் 40,000 வெள்ளி, 2 ஆண்டு ஒப்பந்தம், கையெழுத்துத் தொகை 100,000 வெள்ளி என்று கற்பனையாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 1,060,000 வெள்ளி. அவர் 20 ஆட்டங்களில் விளையாடினால் ஓர் ஆட்டத்திற்கு 53,000 வெள்ளி. காயமுற்று 10 ஆட்டங்களோடு நின்றுவிட்டால் 106,000 வெள்ளி. "சும்மா கிடைக்கிறார் சார்" என்ற மாணவன் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் சற்று நேரம் பேசாமல் இருப்பான். அந்த மௌனத்தில்தான் அவன் சிந்திக்கத் தொடங்குகிறான்.

வரவுக்கு மீறிய செலவு என்ன செய்யும் என்பதையும் நம் நாட்டுக் காற்பந்து கண்டிருக்கிறது. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய கிளப்புகளுக்கு 2023 பருவத்தில் விளையாட உரிமம் கிடைக்கவில்லை. 2025-26 சூப்பர் லீக்கில் கெடா டாருல் அமான், பேராக், ஸ்ரீ பகாங் ஆகிய மூன்றும் இல்லை. சம்பள பாக்கி என்பது மலேசியக் காற்பந்தில் ஆண்டுதோறும் கேட்கும் சொல்லாகிவிட்டது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்த பிஜே சிட்டி கிளப், 2022இல் அயல்நாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இன்றி உள்நாட்டவரை மட்டுமே களமிறக்கியது. நம் இளைஞர் பலர் அதில் விளையாடினர். அந்தக் கிளப்பும் அப்பருவத்தோடு சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

மூன்றாம் கேள்விக்கு இதுவே வழி காட்டுகிறது: ஒப்பந்தம் முடிந்தவர் யார்? அவர் வேலை இழந்து நிற்கும் ஒரு மனிதர். ஐரோப்பாவின் பெரும்புள்ளிகளை மட்டும் நினைத்துப் பேசும் நாம், கிளப் மூடப்பட்டதால் வீட்டில் இருக்கும் உள்நாட்டு ஆட்டக்காரரை எண்ணிப் பார்ப்பதில்லை. அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கும். பள்ளி செல்லும் பிள்ளை இருக்கும். ஜோகூர் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர்! வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா என்ற கவலையை அறிந்த குடும்பங்கள் எத்தனை! அப்படியிருந்தும் 33 வயது ஆட்டக்காரரைப் பற்றிப் பேசும்போது "கிழவன், தூக்கி எறி" என்று பிள்ளையின் முன்னே சொல்லிவிடுகிறோம். ஒப்பந்தம் முடிந்த மனிதரை அப்படித்தான் பேச வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. நாளை அதே அளவுகோலால் அது தன் தந்தையையும் அளக்கலாம்.

இதனால்தான் இவ்விவாதத்தை வகுப்பறைக்குள் கொண்டு வருவோம் என்கிறேன். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போதும்: அணியின் தேவை, முழுச் செலவு, இவர் வந்தால் இடம் இழப்பவர். மாணவர்கள் குழுவாக அமர்ந்து, ஒரே ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, மூன்று கட்டங்களையும் நிரப்பிய பிறகே பேச வேண்டும். மூன்றாவது கட்டத்தில்தான் அயல்நாட்டவருக்கும் உள்ளூர் இளைஞருக்கும் இடையிலான சமன்பாடு அவர்கள் கண்ணில் படும். தேசிய அணியின் கோல் காவலராக விளங்கிய ஆர். ஆறுமுகத்தின் பெயரும், ஜேடிதிக்கு விளையாடிய எஸ். குணாலனின் பெயரும் அப்போது தாமாகவே பேச்சில் வந்து சேரும்.

"தமிழ்ப் பாடத்தில் காற்பந்தா? பிள்ளைகள் ஆங்கிலமும் மலாயும் கலந்தல்லவா பேசுவார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சொல் தெரியாததால்தான் கலந்து பேசுகின்றனர். தற்காப்பு ஆட்டக்காரர், மத்தியத் திடல் ஆட்டக்காரர், கோல் காவலர், இடமாற்றம், ஒப்பந்தம், முகவர் என்ற சொற்களை முதல் நாளே கொடுத்துவிட்டால், இரண்டாம் வாரம் அவை திடலிலும் ஒலிக்கும். பிள்ளை விரும்பிப் பேசும் பொருளில் தமிழ் இல்லாவிட்டால், தமிழ் தேர்வுத் தாளோடு நின்றுவிடும்.

பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் மகன் காற்பந்து வீரனாக வேண்டும் என்று விரும்பினால், அதட்டவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஊக்குவிக்கவும் வேண்டாம். இத்தொழில் ஒப்பந்தத்தால் ஆனது என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குட்பட்டவரின் ஒப்பந்தம் 3 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. மற்றவர்களுக்கு 5 ஆண்டுகளே பொதுவான உச்ச வரம்பு. அதாவது, எவ்வளவு திறமை இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை "அடுத்து என்ன?" என்ற கேள்வியை அவன் சந்தித்தே ஆகவேண்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்திடத் தெரிந்தவனும், கையில் இன்னொரு கல்வியோ தொழிலோ உள்ளவனும் அக்கேள்வியை அஞ்சாமல் எதிர்கொள்வான்.

இஸ்கண்டார் புத்திரியில் 2020இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராகிம் அரங்கில் அடுத்த பருவத்தில் எந்தப் புதியவர் களமிறங்குவார் என்பதை முடிவு செய்வது நாமல்லர். ஆனால் நம் பிள்ளைகள் ஒரு மனிதரை எப்படி மதிப்பிடுகின்றனர் என்பது நம் கையில் இருக்கிறது. வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது தொடங்கி, நாளை வாக்களிப்பதும் ஒருவரை வேலைக்கு எடுப்பதும் வரை அந்தப் பழக்கமே அவர்களோடு வரும். ஆகவே அடுத்த முறை "யாரை எடுக்கலாம்?" என்று பிள்ளை கேட்டால், "நமக்கு என்ன தேவை?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அன்புடன்,
ஜோகூரிலிருந்து ஒரு தமிழாசிரியர்