இறங்கத் தெரிந்தவர்கள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பூ. ச. குமாரசாமி ராஜாவின் ஏற்றமும் இறக்கமும் அந்தச் சிறு தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. ராஜபாளையத்தில் பிறந்த அவர் 1949இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். குடியரசு மலர்ந்தபின் முதலமைச்சர் எனப்பட்டார். 1952 பொதுத்தேர்தலில், முதலமைச்சராக இருக்கும்போதே, ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். 1954இல் ஒரிசாவின் ஆளுநராகி, 1956 வரை அப்பதவியில் இருந்தார். தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கு அளித்துவிட்டார்.

அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்களுக்கு இன்னொரு ஆளுநரும் நினைவுக்கு வருகிறார். ராஜா வாக்குச்சீட்டால் இறக்கப்பட்டவர். இவரோ வாக்குச்சீட்டையே சந்திக்காமல் ஆள வந்த படைத்தளபதி. அன்றைய சென்னை மாகாணத்தின் மலபாரில், ஒற்றப்பாலத்தில் பிறந்த கே. பி. காண்டெத்.

1961 டிசம்பர் 18 அன்று இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தது. காண்டெத் 17ஆவது காலாட்படைப் பிரிவின் தளபதி. மறுநாளே போர்த்துக்கீசியர் சரணடைந்தனர். நானூற்றைம்பது ஆண்டு ஆட்சி முடிந்தது. அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் எதுவும் இருக்கவில்லை. காண்டெத்தே இராணுவ ஆளுநரானார். 1962 ஜூனில் சிவில் நிர்வாகத்தைச் சேர்ந்த துணைநிலை ஆளுநர் டி. சிவசங்கரிடம் பொறுப்பு சென்றது. 1963 டிசம்பரில் கோவா மக்கள் வாக்களித்துத் தம் சட்டமன்றத்தை அமைத்துக்கொண்டனர். படைப்பணியில் தொடர்ந்த காண்டெத், 1971 போரில் மேற்குப் படைத் தலைமையகத்தின் தளபதியாக விளங்கினார்.

மேலிட ஆணைப்படி விலகியதில் பெருமை என்ன என்று கேட்கலாம். அண்டை நாடுகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். பாகிஸ்தானில் 1958இல் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். பர்மாவில் அதே ஆண்டு நே வின் காபந்து அரசின் தலைவராக வந்தார். 1960இல் ஆட்சியைத் திருப்பித் தந்தார். 1962 மார்ச்சில், காண்டெத் கோவாவில் ஆளுநராக இருந்த அதே மாதங்களில், மீண்டும் கைப்பற்றினார். அவருடைய பிடி 1988 வரை தளரவில்லை. 'இடைக்காலம்' என்ற சொல்லுக்குத் தானாக ஒரு முடிவு கிடையாது; யாரேனும் அதை முடித்துவைக்க வேண்டும். அந்த முடிவு தளபதியின் நற்குணத்தை மட்டும் நம்பியிராமல், படை மக்களாட்சிக்குக் கட்டுப்பட்டது என்ற நெறியில் நிலைபெற்றிருந்ததே நம் நற்பேறு.

இவ்விருவரையும் புனிதர்களாக்குவது எங்கள் நோக்கமன்று. கோவா மக்கள் அந்த ஆறு மாத இராணுவ ஆட்சியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ராஜாவின் ஆட்சிக்காலத்தில்தான், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறைத் துப்பாக்கிச்சூட்டில் கம்யூனிஸ்டு கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். வீட்டைக் கொடையளித்ததை எழுதுகிற கை இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தமிழில் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒருவர் எப்படி ஏறினார் என்பதையே விரிவாகச் சொல்கிறார்கள். பதவி கைவிட்டுப்போன மறுநாள் அவர் என்ன செய்தார் என்பது ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. ஆளுநரின் அதிகாரம் எதுவரை என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றுவிட்ட இந்நாளில், அந்த ஓரிரு வரிகளே அதிகாரமாக விரிய வேண்டும் என்று கருதுகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்ற முதலமைச்சரிடமிருந்தே அதைத் தொடங்கலாம்.