நார்னியா: இரண்டாவது படம் ஏமாற்றியது

விடுமுறைக்கு வந்த பேரனோடு முதல் இரண்டு 'நார்னியா' படங்களையும் டிவியில் பார்த்தேன். அலமாரிக்குள் புகுந்து வேறோர் உலகத்துக்குப் போகும் நான்கு பிள்ளைகளின் கதை. 2005-ல் வந்த முதல் படம் அருமை. 2008-ல் வந்த 'பிரின்ஸ் காஸ்பியன்' பெரிய ஏமாற்றம்.

சி. எஸ். லூயிஸ் எழுதி 1951-ல் வெளிவந்த புத்தகத்தின் உயிரே தொடக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே வருடம் கழித்துப் பிள்ளைகள் மறுபடி அங்கே போகிறார்கள். அங்கேயோ பல நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. தாங்கள் அரசாண்ட கோட்டை பாழடைந்து, மரம் முளைத்துக் கிடக்கிறது. அடையாளமே தெரியவில்லை. ஒரு சதுரங்கக் காய் கையில் கிடைத்த பிறகுதான் மெல்லப் புரிகிறது. ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் போய்வந்த ககுத்மி ராஜாவின் கதை நமக்குத் தெரியாததா?

கோவளத்துக்காரனுக்கு இது இன்னும் கொஞ்சம் தைக்கும். 1752-ல் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த நம்மூர்க் கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஹோட்டல். ஓய்வுபெற்று நான் ஊர் திரும்பியபோது, கட்டுமரம் கிடந்த கரையில் பையன்கள் சர்ஃபிங் பலகையோடு நின்றார்கள். எங்கள் தெருவே எனக்குப் பிடிபடவில்லை.

படத்தில் அந்தப் பாழ்கோட்டை சில நிமிடங்களோடு சரி. மாறாக, புத்தகத்தில் இல்லாத ஓர் இரவுச் சண்டை, இல்லாத ஒரு காதல். முதல் படம் 74 கோடி டாலர் வசூலித்தது. இது சுமார் 42 கோடி. டிஸ்னி அத்தோடு விலகிக்கொண்டது.

எலி வீரன் ரீப்பிசீப் வந்தபோது பேரன் விழுந்து விழுந்து சிரித்தான், அது ஒன்றுதான் லாபம். புத்தகம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.