மெல்ல நடப்பதா, மூச்சு வாங்க ஓடுவதா?

தொந்தி ஒரு காலத்தில் செழிப்பின் அடையாளம். சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டுப் பிள்ளை என்று ஊரார் பெருமையாகச் சொல்லுவார்கள். இன்று அதே தொந்தியைப் பார்த்து டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். அரசாங்கங்களும் கவலைப்படத் தொடங்கிவிட்டன.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மத்திய அரசாங்கம் 2019-21-ல் நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். இந்தியா முழுவதும் பெண்களில் 100-க்கு 24 பேரும், ஆண்களில் 23 பேரும் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். தமிழ்நாட்டிலோ பெண்களில் 40 பேர். ஆண்களில் 37 பேர். முந்தைய கணக்கெடுப்பில், அதாவது 2015-16-ல், இது முறையே 31 ஆகவும் 28 ஆகவும் இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இவ்வளவு ஏற்றம்!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக அது சொல்லிற்று. வயிற்றில் கொழுப்பு சேர்ந்தவர்கள் 100-க்கு 39 பேருக்கு மேல்.

2023 நவம்பரில் தமிழக அரசாங்கம் 'நடப்போம், நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் பிரதமர் மோடி வானொலியில் பேசும்போது, சமையல் எண்ணெயை 10-ல் ஒரு பங்கு குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு மார்ச்சில், பசியை அடக்கி எடையைக் குறைக்கும் வெளிநாட்டு ஊசி மருந்தும் நம் நாட்டு மருந்துக் கடைக்கு வந்துவிட்டது.

ஊசி எல்லாருக்கும் எட்டாது. எல்லாருக்கும் தேவையும் இல்லை. எட்டக்கூடியது தேகப் பயிற்சிதான். ஆனால் எந்தப் பயிற்சி? எவ்வளவு வேகம்? எவ்வளவு நேரம்? இங்கேதான் ஜனங்கள் குழம்பிப் போகிறார்கள்.

இரண்டு கட்சிகள்

இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

"மெதுவாகச் செய், நெடுநேரம் செய். அப்போதுதான் கொழுப்பு எரியும். வேகமாக ஓடினால் எரிவது சர்க்கரைதான்" என்பது ஒரு கட்சி. ஜிம்களில் உள்ள ஓடும் இயந்திரங்களில் 'கொழுப்பு எரியும் வேகம்' என்று குறித்தே வைத்திருக்கிறார்கள்.

"மெதுவாக நடப்பது கிழவர்களின் வேலை. நாலே நிமிடம் உயிரைக் கொடுத்துச் செய், கொழுப்பு நாள் முழுவதும் எரியும்" என்பது மற்றொரு கட்சி. கைபேசியைத் திறந்தால் இந்தக் கட்சியின் விளம்பரம்தான்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டிலும் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

மெதுவான கட்சி

மெதுவாக நடக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது என்பது மெய். வேகம் கூடக் கூட, தசையில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையின் பங்கு அதிகமாகிறது. ஆனால் பங்கு வேறு, மொத்தம் வேறு.

70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். அவரே மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் சுமார் 280 கலோரி. ஒரு பேச்சுக்கு, நடையில் பாதியும் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கும் கொழுப்பிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். நடையில் 60 கலோரி; ஓட்டத்தில் 93 கலோரி. பங்கு குறைந்தாலும் தொகை கூடுதலே.

இன்னும் ஒன்று. பயிற்சி செய்யும் அரை மணி நேரத்தோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. அப்போது சர்க்கரையை அதிகம் செலவழித்தால், பிறகு ஓய்விலிருக்கும்போது உடம்பு கொழுப்பை அதிகம் எடுத்துக்கொள்கிறது. நாள் முடிவில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதே தீர்ப்பு.

வேகமான கட்சி

நாலு நிமிடப் பயிற்சியின் வரலாறு சுவையானது. ஜப்பானியப் பேராசிரியர் இஸுமி டபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1996-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தேகப் பயிற்சியில் தேர்ந்த வாலிபர்கள் சைக்கிள் இயந்திரத்தில் 20 விநாடி முழு மூச்சாக மிதித்தார்கள். 10 விநாடி ஓய்ந்தார்கள். இப்படி ஏழெட்டுத் தடவை. ஆறு வாரத்தில் அவர்களுடைய மூச்சுத் திறன் நன்றாக உயர்ந்தது.

அந்த ஆராய்ச்சி அளந்து பார்த்தது மூச்சுத் திறனையும் தசையின் திறனையும். கொழுப்பை அது அளக்கவே இல்லை! இன்று அதே பயிற்சியைக் கொழுப்புக் கரைக்கும் மந்திரமாக விற்கிறார்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் எரிகிறது என்பதும் முழுப் பொய்யல்ல. ஆனால் அந்த உபரி, பயிற்சியின்போது செலவானதில் 100-க்கு 6 முதல் 15 பங்குதான். 200 கலோரி செலவழித்தவருக்குக் கிடைக்கும் கொசுறு 12 முதல் 30 கலோரி. ஒரு வாய் பாயசத்துக்குக் கூடக் காணாது.

இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளை 2017-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். விட்டுவிட்டு வேகமாகச் செய்தவர்களுக்கும் ஒரே சீராகச் செய்தவர்களுக்கும் கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. ஒரே வித்தியாசம்: வேகமாகச் செய்தவர்களுக்கு நேரம் 100-க்கு 40 பங்கு மிச்சமாயிற்று. ஆக, வேகம் தருவது நேரச் சிக்கனம். அதற்கு மேல் மாயமில்லை.

எவ்வளவு நேரம்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி தேவை என்கிறது. அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும்.

எடை மிகுந்தவர்களைக் கொண்டு நடத்திய 116 சோதனைகளின் தொகுப்பு 2024 டிசம்பரில் வெளிவந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 6,880 பேர். வாரத்தில் ஒவ்வொரு 30 நிமிடம் கூடும்போதும் சராசரியாக எடை அரைக் கிலோவும், இடுப்புச் சுற்றளவு அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும் குறைந்திருக்கின்றன. 300 நிமிடம் வரை இந்தப் பலன் ஏறிக்கொண்டே போகிறது. 150 நிமிடத்துக்கு மேல் சென்றால்தான் குறிப்பிடத்தக்க பலன்.

அப்படியானால் இரண்டு மடங்கு செய்தால் எல்லாருக்கும் இரண்டு மடங்கு குறையுமா? டென்மார்க்கில் எடை கூடிய ஆண்களைக் கொண்டு நடத்திய சோதனை 2012-ல் வெளிவந்தது. ஒரு சாரார் நாள்தோறும் அரை மணி நேரமும், மற்றொரு சாரார் ஒரு மணி நேரமும் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தார்கள். 13 வாரம் கழித்துப் பார்த்தால் இரு சாராருக்கும் சுமார் 4 கிலோ கொழுப்பு குறைந்திருந்தது! ஒரு மணி நேரக்காரர்கள் களைத்துப் போய் மற்ற வேளைகளில் அசையாமல் இருந்திருக்கலாம். கூடச் சாப்பிட்டும் இருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் ஊகம்.

இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. நேரம் கூடினால் பலன் கூடும், பயிற்சி முடிந்தபின் சோர்ந்து படுத்துவிடாமலும் பசியை அவிழ்த்து விடாமலும் இருந்தால்!

அடுக்களைக் கணக்கு

அரை மணி நடைக்கு 120 கலோரி என்றோம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகும் 35 கலோரியைக் கழித்தால் மீதி 85. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. ஆகவே நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய 90 நாள் ஆகும். ஒரு மேஜைக் கரண்டி எண்ணெயில் 120 கலோரி. அந்த ஒரு கரண்டியைத் தினமும் குறைத்துக்கொண்டு, நடக்கவும் செய்தால், அதே ஒரு கிலோ கணக்குப்படி 38 நாளில் குறையும். நடந்துவிட்டு வரும் வழியில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காப்பியும் சாப்பிட்டால், நடந்ததற்குப் பலன் கால் வலி ஒன்றுதான்.

ஆனால் நடைக்கு வேறொரு குணம் உண்டு. வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் தொழிலாளர்களின் உணவையும் எடையையும் அளந்த ஆராய்ச்சி ஒன்றை 1956-ல் ஜீன் மேயர் என்ற உணவு நிபுணர் வெளியிட்டார். கடினமாக உழைத்தவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். லேசான வேலை பார்த்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். உட்கார்ந்தே இருந்தவர்களோ லேசான வேலைக்காரர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். உடம்பு அசையாவிட்டால் பசிக்குக் கடிவாளம் போய்விடுகிறது போலும்.

அவசரம் ஆபத்து

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் மறைந்தார். அன்று காலையில் அவர் பயிற்சி செய்திருந்ததால், ஜிம் என்றாலே பயம் பரவிற்று. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 47 ஆஸ்பத்திரிகளின் துணையோடு 18 முதல் 45 வயது வரையுள்ளவர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டது. குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்திருப்பது, கோவிட் நோயால் ஆஸ்பத்திரியில் படுத்தது, மிதமிஞ்சிய குடி ஆகியவற்றோடு, முந்தைய 48 மணி நேரத்தில் செய்த கடுமையான உடலுழைப்பும் அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக அதில் இடம் பெற்றது.

இதைக் கேட்டுப் பயிற்சியை விடுவது அறிவுடைமை ஆகாது. சோம்பலின் அபாயம் அதைவிடப் பெரிது. பத்து ஆண்டு நாற்காலியில் இருந்துவிட்டுப் பத்தே நாளில் வாலிபனாகப் பார்ப்பதுதான் தவறு.

யாருக்கு எது?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நடையே உசிதம். முதல் மாதம் நாள்தோறும் 20 முதல் 30 நிமிடம். பிறகு 45 நிமிடம் வரை உயர்த்தலாம். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நாடி பார்ப்பவர்கள் 220-லிருந்து வயதைக் கழித்து, வரும் தொகையில் 100-க்கு 64 முதல் 76 பங்கு வரை வைத்துக்கொள்ளலாம். 50 வயதுக்காரருக்கு இது நிமிடத்துக்கு 110 முதல் 130 வரை. இது உத்தேசக் கணக்குதான்.

இரண்டு மூன்று மாதம் பழகியவர்கள், நேரம் போதாவிட்டால், வாரம் இரண்டு நாள் ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம் என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சைக்கிள் நல்லது. ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, சர்க்கரைக்கு மருந்து உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேகம் கூட்டக் கூடாது. மார்பு வலித்தாலும் தலை சுற்றினாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

வெற்றியைத் தராசில் மட்டும் பார்க்காதீர்கள். இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம் நாட்டவருக்கு டாக்டர்கள் வகுத்த எல்லை.

நேரம் யாரிடம் இருக்கிறது?

அரசாங்கம் குறித்த 8 கிலோமீட்டர் பாதையை நிதானமாக நடந்து முடிக்க 96 நிமிடம் ஆகும். வாரம் மூன்று தடவை நடந்தால் 288 நிமிடம். கிட்டத்தட்ட முழுப் பலன். ஆனால் விடியலில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் ஓடும் பெண்ணுக்கு அந்த 96 நிமிடம் எங்கே கிடைக்கும்? போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள் 2022-ல் இந்திய ஆண்களில் 100-க்கு 42 பேர். பெண்களில் 57 பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த 15 பேர் வித்தியாசத்துக்குச் சோம்பல் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர்களுக்கு 10 நிமிடம், 15 நிமிடம் என்று பிரித்துச் செய்தாலும் பலன் உண்டு. ஆனால் அதற்கு வீட்டு வேலையில் ஒரு பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். தெருவில் கடையும் வண்டியும் அடைக்காத நடைபாதையும், பயமில்லாமல் நடக்க விளக்கும் நகராட்சி தர வேண்டும்.

மெல்ல நடப்பதா, மூச்சு வாங்க ஓடுவதா என்ற கேள்விக்கு விடை இதுதான்: அடுத்த ஆண்டும் விடாமல் செய்யக்கூடியது எதுவோ, அதுவே உங்களுக்கு உகந்தது. ஒரு மாதம் ஓடி ஓய்ந்தவரைவிட, ஓர் ஆண்டு நடந்தவரின் இடுப்புதான் குறைந்திருக்கும்.