குப்பையில் கிடைத்த குடும்பம்

கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கினால், பில் போடும்போதே செய்கிற வேலை ஒன்று உண்டு. ‘பேர் வெட்டணும்’ என்று சொல்லிப் பெண்ணின் பெயரை எழுதிக் கொடுப்பது. குழம்பு ஊற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கிண்ணம் பத்திரமாகத் திரும்பி வர இதைவிட நல்ல உபாயம் கிடையாது.

எவர்சில்வரோடு வந்த பழக்கம் என்று நினைத்தால் தப்பு. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில், சிலைமானைத் தாண்டி இருக்கிறது கீழடி. சிவகங்கை மாவட்டம். அங்கே தமிழக அரசின் தொல்லியல் துறை 2018-ல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும், தமிழி எழுத்து கீறிய 56 பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் ‘ஆதன்’. இன்னொன்றில் ‘குவிரன் ஆதன்’. எழுத்தெல்லாம் ஒரே கையாக இல்லை. ஒருவர் ஒழுங்காகக் கீறியிருக்கிறார், இன்னொருவர் கோணல்மாணலாக. பானை செய்த குயவர் மட்டுமல்ல, வாங்கிப் புழங்கியவர்களும் எழுதியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். அதாவது, சாதாரண வீட்டில் எழுத்து புழங்கியிருக்கிறது. அரண்மனைக் கல்வெட்டு ஆயிரம் கிடைத்தாலும் இந்தச் செய்தி கிடைக்காது.

கீழடியின் பெருமையே அதுதான். அங்கே கிடைத்தவற்றில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் யாரோ ‘போனால் போகட்டும்’ என்று விட்டவை. உடைந்த பானை, தொலைந்த பாசிமணி, பல் போன தந்தச் சீப்பு, தின்று போட்ட எலும்பு. எலும்புத் துண்டுகளில் 70 மாதிரிகளைச் சோதித்ததில் பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடு. மயில், காட்டுப்பன்றி, மான் வகைகளும் உண்டு. சிலவற்றில் வெட்டுத் தழும்பு. அந்த வீடுகளில் உழவும் பாலும் இருந்தன. அவ்வப்போது கறிக்குழம்பும் கொதித்தது என்று புரிந்துகொள்ளலாம்.

உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பாக இருக்கும் பானைகள் தனி அழகு. சாயம் பூசியதல்ல. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்பக்கத்துக்குக் காற்று போகாது, கறுத்துவிடும். காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவந்துவிடும். அந்தப் பானை உடைந்தாலும் வீணாகவில்லை. ஓட்டை வட்டமாகத் தட்டிச் சில்லாக்கியிருக்கிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பாண்டி ஆடிய எந்தப் பெண்மணிக்கும் அதைப் பார்த்ததும் விளக்கப் பலகை தேவைப்படாது.

நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் குண்டுகளும், கூர்முனை கொண்ட எலும்புக் கருவிகளும் நெசவுக்குச் சாட்சி. கூரை ஓட்டில் இரண்டு துளை, கட்டுவதற்கு; விரலால் இழுத்த வரிப்பள்ளம், மழைத் தண்ணீர் வழிவதற்கு. தண்ணீருக்கு உறைகிணறு. வீடு கட்டியவர்கள் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

உலகின் மறுகோடியில், கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், இரோகுவாய் மொழிக் குடிகளின் பழைய ஊர்களைத் தோண்டுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் மரத்தூண் நட்டு, பட்டை வேய்ந்து, நீளமான வீடு கட்டி, தாய்வழிச் சொந்தங்கள் பல குடும்பமாகக் கூடி வாழ்ந்தார்கள். மண்ணின் சத்தும் விறகும் தீர்ந்தால் சில பத்தாண்டுகளில் ஊரையே மாற்றிவிடுவார்கள். இன்று மிஞ்சியிருப்பது, தூண் மக்கிப்போன இடத்தில் மண்ணில் வட்டக் கறை. அந்தக் கறைகளை இணைத்தே வீட்டின் நீள அகலத்தைச் சொல்கிறார்கள். நடுவே வரிசையாக இருந்த அடுப்புகளை எண்ணி, ஓர் அடுப்புக்கு இரண்டு குடும்பம் என்று கணக்கிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்கிறார்கள். டொரோண்டோ பக்கம் குடியேறிய நம்மவர் பலரும் அப்படிப்பட்ட ஊர்களுக்கு அருகில்தான் வீடு வாங்கியிருக்கிறார்கள்.

செங்கல்லும் ஓடும் மிஞ்சிய கீழடியில் இப்படி ஆள் கணக்குச் சொல்ல முடியுமா? இப்போதைக்குக் கஷ்டம். மேடு சுமார் 110 ஏக்கர்; தோண்டியது அதில் சிறு பங்கு. மீதிக்கு மேலே தென்னை நிற்கிறது. அது விவசாயிகளின் பட்டா நிலம், அவர்களுடைய சாப்பாடு. அவர்கள் இடம் கொடுத்ததால்தான் குழி வெட்ட முடிந்தது. ஆரம்பக் கட்டங்களில் வெட்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மண் போட்டு மூடியும்விட்டார்கள். வைகைக் கரையோரத்தில் 2013–14-ல் அடையாளம் கண்ட 293 இடங்களில் கீழடி ஒன்று. மற்ற இடங்களின் கதி என்ன என்று கேட்பவர்கள் குறைவு.

ஆனால் வெளியே கேட்கிற சத்தம் முழுக்க வயதைப் பற்றியது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று சொன்னது. 2019-ல் தமிழக அரசு அதை வெளியிட்டது. 2015-ல் அகழாய்வைத் தொடங்கிய மத்திய தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா, 2017-ல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அவர் 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையை, திருத்தம் கேட்டு 2025-ல் திருப்பி அனுப்பியது துறை. காலக்கணிப்பை மாற்றுவதற்கில்லை என்று அவர் பதில் எழுதினார். டெல்லிக்கும் சென்னைக்கும் அரசியல் சண்டையாக அது வளர்ந்துவிட்டது.

வயது முக்கியம்தான். ஆனால் இருநூறு வருஷம் முன்னே பின்னே போனாலும், பானையில் பேர் எழுதியவர் எழுதியவர்தானே! அறிக்கைக்குள் அந்த வீடுகளைப் பற்றி இன்னும் என்னென்ன இருக்கிறதோ, அதைப் படிக்க முடியாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம்.

கீழடிக்காரர்களின் இடுகாடு என்று கருதப்படும் கொந்தகை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே முதுமக்கள் தாழிகளில் கிடைத்த மண்டை ஓடுகள் இரண்டை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து முகங்களை உருவாக்கி 2025-ல் காட்டின. இரண்டும் ஆண் முகங்கள். தக்களி சுற்றிய கைக்காரியின் முகம் இன்னும் தாழிக்குள்ளேயே இருக்கிறது.